பண்டிகை வீட்டில் ஒரு நாவல்

மார்கழி பாதியைக் கடந்ததும், பொங்கல் விடுமுறையில் எதைப் படிக்கலாம் என்ற பட்டியல்கள் முகநூலில் வரத் தொடங்கிவிடுகின்றன. பொங்கல் முடிந்த வாரத்திலோ, உறவினர்கள் வந்துவிட்டார்கள், வேலை ஓயவில்லை, ஊருக்கு எடுத்துச் சென்ற புத்தகத்தைப் பிரிக்கவே முடியவில்லை என்ற வருத்தங்கள் வருகின்றன. நாவல் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்து படிக்க வேண்டியது, வீட்டு மனிதர்கள் அதற்கு இடைஞ்சல் என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. இந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. ஆள் நிறைந்த பண்டிகை வீடு நாவலுக்கு மிகவும் பொருத்தமான இடம் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த வீட்டில் சமையற்கட்டில் நிற்பவர்களுக்கும் புத்தகத்தோடு உட்கார நேரம் கிடைக்க வேண்டும். அது கிடைக்காத வீட்டில், மற்றவர்கள் எத்தனை பக்கம் படித்தாலும் எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

தமிழ் நாவல் வீட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்த வடிவம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் நூலாக வந்தது. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் ராஜம் ஐயர் எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடராக வெளிவந்தது. அதில் கூடிப் பேசும் பெண்களின் பேச்சையும், ஒரு கிராமத்து வீட்டுக்குள் எழும் மனத்தாங்கல்களையும் அவர் எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார் என்பதை இன்று படிக்கும்போதும் உணர முடிகிறது. பிறகு வார இதழ்களின் காலம் வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை ‘கல்கி’யில் வாரந்தோறும் வந்த தொடர். அந்த மூன்றரை ஆண்டுகளில் அதைப் படித்தவர்களில் பெரும்பாலோர் தனியறை வைத்திருந்தவர்கள் அல்லர். ஒரு வீட்டுக்கு ஓர் இதழ் வரும். ஒருவர் படித்து முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருப்பார். கண் மங்கிய பாட்டிக்கு யாராவது வாய்விட்டு வாசித்துக் காட்டுவார்கள். முடிந்த தொடரை இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அந்தத் தொகுப்புகள் கல்யாண வீட்டுக்கும் பிரசவத்துக்கு வந்த மகளின் கட்டிலுக்கும் கைமாறிச் சென்றன. ஆகவே, இரைச்சலுக்கு நடுவே நாவல் படிப்பது இந்தக் காலத்துக் குறைபாடு என்று யாராவது சொன்னால், நம் வாசிப்பின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை என்றே நான் பதில் கூறுவேன்.

வை. மு. கோதைநாயகி அம்மாளை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1901-இல் பிறந்து, ஆறு வயதுகூட நிரம்பாத நிலையில் திருமணம் செய்து வைக்கப்பட்ட அவர், பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். வீட்டில் இருந்த குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லியே கதை கட்டும் திறனை வளர்த்துக்கொண்டார். சரளமாக எழுத வராத காலத்தில், தன் முதல் படைப்பான நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுத வைத்தார். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய அவர் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை 115. அவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றி விமர்சகர்கள் எப்படி வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளட்டும். கூட்டுக் குடும்பத்தின் நடுவிலிருந்து ஒரு பெண்ணால் இவ்வளவு கதைகள் எழுத முடிந்தது என்பதும், அவற்றைப் படிப்பதற்கென்றே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்பதும் என் மனத்தில் பெரிய இடம் பிடித்திருக்கின்றன.

என் புகுந்த வீடு கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள கரிசல் கிராமம் ஒன்றில் இருக்கிறது. போகிக்கு முந்தைய நாளே எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவோம். வேப்பிலையும் ஆவாரம்பூவும் கண்ணுப்பீளையும் சேர்த்துக் காப்புக் கட்டுவது, முற்றத்தில் பிள்ளைகள் சிறுவீடு கட்டி விளையாடுவது, பனங்கிழங்கை அவித்து நாருரிப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். இவற்றில் மிகவும் பொறுமை கேட்பது சிறுகிழங்குதான். சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலை உதிர்த்த பிறகும், ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மிச்சமிருக்கும் தோலைச் சுரண்டியாக வேண்டும். கை மட்டும் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்காகத்தான் ஒரு பொங்கலின்போது கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தை நான் உரக்கப் படிக்கத் தொடங்கினேன். 1976-இல் வெளிவந்த அந்த நாவலில், வயது முதிர்ந்த மங்கத்தாயாரு அம்மாள் தன் முன்னோர்கள் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்து காடு திருத்திக் குடியேறிய கதையைத் தன் வீட்டாருக்குச் சொல்கிறாள். முற்றத்தில் உட்கார்ந்து சொல்லப்பட்ட கதையை முற்றத்தில் உட்கார்ந்தே கேட்கும்போது, புத்தகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் மறைந்துபோகிறது.

நான் படித்ததில் பாதிக்கு மேல் என் அத்தைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் படித்தவர் அல்லர். ஆனால் கரிசல் மண் மழைக்கு எப்படி ஆளை உள்ளே இழுக்கும், வெயிலுக்கு எப்படி வெடித்துக் கிடக்கும் என்பதையெல்லாம் உடம்பால் அறிந்தவர். “நிறுத்தும்மா, இதைக் கேளு” என்று இடைமறித்து, தன் பாட்டி பாம்படம் அணிந்த காதோடு நெடுந்தொலைவு நடந்து பருத்தி எடுக்கப் போன கதையைச் சொல்லத் தொடங்கினார். மாமா ஒரு திருத்தம் சொன்னார். மதினி அதை மறுத்தார். அன்று நாங்கள் நாவலில் சில பக்கங்களைத்தான் கடந்தோம். ஆனால் எங்கள் குடும்பத்தில் எவரும் எழுதி வைக்காத ஒரு தலைமுறையின் வாழ்க்கை அந்தப் பக்கங்களின் துணையால் வெளியே வந்தது. தனியாகப் படித்திருந்தால் நாவலை முடித்திருப்பேன், அத்தையின் பாட்டியைப் பற்றி ஒருபோதும் அறிந்திருக்க மாட்டேன். இடைமறிப்பு வாசிப்பைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா நாவல்களும் இதற்கு ஏற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மனிதனின் மனவோட்டத்துக்குள்ளேயே நீண்ட தூரம் நடக்கும் நாவல்களை விடியற்காலையில், வாசலில் கோலம் போட்டு முடித்த பிறகு கிடைக்கும் அமைதியில் படிப்பதே நல்லது. உரக்க வாசிக்க ஏற்றவை பேச்சு நிறைந்தவை, அத்தியாயங்கள் சிறியவை, வட்டார வாழ்க்கையை விவரமாகச் சொல்பவை. தொடராக எழுதப்பட்டவற்றில் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததற்கு ஏங்க வைத்து முடிவதால், “இன்னும் ஒண்ணு” என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

இனி நேரத்தைப் பற்றி. விடுமுறை என்ற சொல்லை வீட்டுப் பெண்களிடம் சொல்வதற்கு முன் நாம் சற்று யோசிக்க வேண்டும். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான் விடுமுறை; அடுப்புக்கு அந்த நான்கு நாட்களும் வழக்கத்தைவிடக் கூடுதல் வேலை. ஆண்கள் திண்ணையில் அமர்ந்து அரசியல் பேசி, தேநீர் கேட்டு, மீண்டும் தேநீர் கேட்டு, மாலையில் “எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது” என்று பெருமூச்சு விடும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நிம்மதி யாருடைய முதுகுவலியில் கிடைத்தது என்பதை அவர்களில் பலர் கேட்டுக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் இதை மாற்றியவர் மதினிதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் துலக்குவதும், அடுப்படியைக் கழுவி விடுவதும், மாலைத் தேநீர் போடுவதும் அண்ணன் தம்பிகளின் பொறுப்பு என்று அவர் ஒருநாள் வெளிப்படையாகச் சொன்னார். முதலில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். மாமா மட்டும் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்தார். அதன்பின் யாரும் வாதாடவில்லை. இன்று மதியத்துக்குப் பிந்தைய அந்த நேரம் எங்கள் வீட்டுப் பெண்களுடையது. சிலர் தூங்குகிறார்கள், அதுவும் நியாயமே. மற்றவர்கள் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறோம். குடும்ப வாழ்க்கையின் இனிமை என்று நாம் எழுதுவதெல்லாம் இத்தகைய ஏற்பாடு இருந்தால்தான் எல்லோருக்கும் இனிமையாகும் என்பது என் தீர்மானமான கருத்து.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு புத்தகத்தைத் திணிப்பதால் வாசகர்கள் உருவாவதில்லை. பெரியவர்கள் கூடி ஒரு கதைக்காகக் கண் கலங்குவதையும் சண்டையிடுவதையும் பார்க்கும் பிள்ளை, என்றாவது ஒருநாள் அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்கும்.

புத்தகம் வாங்குவதற்கும் இதைவிட நல்ல பருவம் இல்லை. புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்களின் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி, 1977-இல் அண்ணா சாலையிலுள்ள மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்து, பொங்கலை ஒட்டிய பெருந்திருவிழாவாகவே ஆகிவிட்டது. அங்கே 10 விழுக்காடு தள்ளுபடியில் வாங்கிய புத்தகப் பையோடு அப்படியே எழும்பூருக்குச் சென்று தென்மாவட்ட ரயில் ஏறுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களுக்காக வாங்கிய புத்தகங்களோடு, வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ வாசித்துக் காட்டுவதற்கென்று ஒரு நாவலையும் சேர்த்து வாங்குங்கள். கனமான, பெயர்பெற்ற நூலாக அது இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் நடந்த மண்ணும் அவர்கள் செய்த தொழிலும் அதில் இருந்தால் போதும்.

இந்தப் பொங்கலுக்கு நான் எடுத்துச் செல்வது சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. தன் தந்தையைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை ஜல்லிக்கட்டில் அணைய வந்து நிற்கும் பிச்சியின் கதை அது. ஒரே மதியத்தில் முழுவதையும் வாசித்துவிடக்கூடிய அளவு சிறிய நாவல். மாட்டுப் பொங்கலன்று சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். மாமா இளவயதில் மாடு அணைந்தவர் என்பதால், காளையின் திமிலைப் பற்றிய இடங்களில் அவர் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைப்பார் என்று எதிர்பார்க்கிறேன். முதல் பகுதியை மதினி வாசிக்கிறார், மீதியை நான் வாசிக்கிறேன். பாத்திரம் துலக்குவது என் கணவரும் கொழுந்தனாரும்; கிணற்றடிவரை குரல் எட்டாது என்பதால், துலக்கி முடித்து அவர்கள் வரும்வரை வாசிப்பைத் தொடங்கக் கூடாது என்று இருவரும் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.