99 சதவீதத் துல்லியம் என்றால் என்ன?
இயந்திரக் கற்றல், அதாவது பழைய தரவுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல், 99 சதவீதத் துல்லியத்தோடு கிரெடிட் கார்டு மோசடியைக் கண்டுபிடிக்கிறது என்று கட்டுரைகளில் வருகிறதே, அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இத்துறையில் பலரும் பழகிப் பார்க்கும் தரவுத்தொகுப்பு ஒன்று உண்டு, 2013 செப்டம்பரில் ஐரோப்பியர்களின் கிரெடிட் கார்டுகளில் இரண்டே நாளில் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகள். அதில் மோசடி வெறும் 492. எதையுமே பார்க்காமல் 'எல்லாம் சரி' என்று சொல்லும் ஒரு வரி நிரலுக்கே 99.8 சதவீதம் கிடைத்துவிடும், ஒரு திருடனைக்கூடப் பிடிக்காமல்! கேட்க வேண்டியது அந்த 492-இல் எத்தனை சிக்கியது, அதற்காக எத்தனை பேரின் கார்டு வீணாக முடங்கியது என்பதுதான். நானே அப்படி மாட்டியவன், நள்ளிரவில் அவசரமாக விமான டிக்கெட் எடுக்கப் போக, கார்டு முடங்கிவிட்டது, போன் செய்தால் "சிஸ்டம் தடுத்திருக்கு சார், காரணம் எங்களுக்கும் தெரியாது" என்றார்கள். இதற்கு எச்சரிக்கை வரம்பை, அதாவது எவ்வளவு சந்தேகம் வந்தால் கார்டைத் தடுப்பது என்ற அளவை, உயர்த்தினால் போதும் என்பார்கள் சிலர். உயர்த்தினால் வீண் எச்சரிக்கை குறையும், சரி, கூடவே சில திருட்டுகளும் நழுவுமே. அப்புறம் இன்னொன்று, மோசடி என்று உறுதியாவதே பெரும்பாலும் வாடிக்கையாளர் புகார் கொடுத்த பிறகுதான், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மாடல், அதாவது கற்றுக்கொண்ட அந்த நிரல், பழைய திருடனின் சாயலைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.