நூறு கிலோமீட்டருக்கு ஒரு பகல் காவு: தஞ்சாவூர் டு தரங்கம்பாடி

தஞ்சாவூர்ல இருந்து கடலோர ஊரான தரங்கம்பாடிக்கு சுமார் 100 கிலோமீட்டர். அதுக்கு ஒரு முழுப் பகலைக் காவு கொடுக்கணும். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. "மேப்ல ரெண்டரை மணி நேரம்தானே காட்டுது?" காட்டும். அது கார்ல, எங்கயும் நிக்காம, பசிக்காம போறவங்களுக்கு. புருஷனும் பொண்டாட்டியுமா, ஆளுக்கொரு சக்கரப் பெட்டியோட, பொது வண்டியில போறவங்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. தூரமா ஆளைக் கொல்லுது? ஏறி இறங்குறது கொல்லுது.

கூத்து தஞ்சாவூர் ரூம்லயே ஆரம்பிச்சிடும். ஊர்ல ரெண்டு விதமான செக் அவுட் இருக்கு. சில லாட்ஜ்ல 24 மணி நேரக் கணக்கு: முதல் நாள் சாயங்காலம் 4 மணிக்கு ரூம் போட்டா மறுநாள் 4 மணி வரைக்கும் உங்களுது. மத்த இடத்துல நீங்க எப்ப வந்திருந்தாலும் பகல் 12 மணிக்கு வெளியே. ரூம் போடும்போது இதைக் கேக்காம விட்டுட்டு, காலையில 9 மணி வரைக்கும் தூங்கி, நிதானமா டிபன் முடிச்சு, 12 மணிக்குப் பெட்டியோட தெருவுல நிக்கிறவங்க எத்தனை பேர்! "சரி, பெரிய கோயிலைப் பாத்துட்டுக் கிளம்பலாம்"னு அப்பதான் யோசனை வரும். பன்னிரண்டரைக்கு நடை சாத்திடுவாங்க, திரும்பத் திறக்க நாலு ஆகும். அந்த மூன்றரை மணி நேரம் பெட்டியை எங்க வைக்கிறது? ரயில்வே கிளாக் ரூம்ல பூட்டு போடாத பையை வாங்க மாட்டாங்க, பயணச் சீட்டும் கேப்பாங்க. ஜிப்புக்குப் போட ஒரு சின்னப் பூட்டு இல்லாம பாதிப் பேர் அங்கயே திரும்புறாங்க.

கோயிலுக்குக் காலையில 6 மணிக்கே போயிடணும். இதுல பக்தியை விடத் தரை முக்கியம். 11 மணிக்கு மேல அந்தக் கல்லுல வெறுங்காலோட நின்னு பாருங்க, ராஜராஜன் 1010ல கட்டி முடிச்சதெல்லாம் மனசுல நிக்காது, உள்ளங்கால் மட்டும்தான் நிக்கும். எட்டு, எட்டரைக்குள்ள கோயில், டிபன் ரெண்டும் முடியணும். 9 மணிக்கு ரூமைக் காலி பண்ணிட்டு நேரா ஜங்ஷன். மாயவரம், அதாவது மயிலாடுதுறை போய்த்தான் தரங்கம்பாடிக்கு வண்டி மாறணும். அதுவரைக்கும் ரயில்தான் உருப்படி, சுமார் 70 கிலோமீட்டர். பஸ்ஸுன்னா அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம்னு ஒவ்வொரு கடைத்தெருவுக்குள்ளயும் நுழைஞ்சு வரணும்.

அந்த ரயில்லயும் வயித்தெரிச்சல் இல்லாம இல்ல. பாசஞ்சர் டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு, முன்னால வந்த எக்ஸ்பிரஸ்ல "இதுவும் மாயவரம்தானே போகுது"ன்னு ஏறிடுறாங்க. அந்த டிக்கெட் இந்த வண்டிக்குச் செல்லாது. பரிசோதகர் வந்தா ஆளுக்குக் குறைஞ்சது 250 ரூபா அபராதம், அதுக்கு மேல கட்டண வித்தியாசம். ரெண்டு பேருக்குக் கூட்டிப் பாருங்க, ஒரு நல்ல சாப்பாட்டுக் காசு போச்சு. எந்த வண்டின்னு முடிவு பண்ணிட்டு டிக்கெட் எடுங்க. அப்புறம் அது ஒத்தைப் பாதை. எதிர்வண்டிக்குக் கிராஸிங் போட்டா, ஏதாவதொரு சின்ன ஸ்டேஷன்ல வயக்காட்டைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான். அரை மணி நேரம் கூடவே வெச்சுக் கணக்குப் போடுங்க.

மாயவரம் வந்தாச்சு. இங்கதான் எனக்கு உண்மையான கொதிப்பு. அந்த ஜங்ஷன்லயே வண்டி மாறித் தரங்கம்பாடியில போய் இறங்குற வசதி ஒரு காலத்துல இருந்துச்சுங்க! 1926ல போட்ட மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) பாதை, சுமார் 30 கிலோமீட்டர். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார்னு ஊர் ஊரா நின்னு கடற்கரையில கொண்டுபோய் விட்டுச்சு. 1986ல மூடிட்டாங்க. அறுபது வருஷம் ஓடின பாதை, ஆள் ஏறலைன்னு சொல்லி மூடினது. திரும்பப் போடுவோம்னு பேச்சு மட்டும் அப்பப்ப வரும், தண்டவாளம் வரக் காணோம். 2020ல மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதுக்கு அப்புறமும், அந்த மாவட்டத்துல வெளியூர்க்காரங்க தேடி வர்ற கடற்கரைக்குப் போக பஸ்தான்.

அந்த பஸ்ஸும் ஜங்ஷன் வாசல்ல நிக்காது. பெட்டியை உருட்டிக்கிட்டு நடக்குற தூரத்துல பஸ் நிலையம் இல்ல. ஆட்டோக்காரர் பெட்டியைப் பாத்துத்தான் ரேட்டே சொல்லுவார். ஏறுறதுக்கு முன்னால பேசி முடிச்சிடுங்க. பொறையார்னு போர்டு போட்ட வண்டியில ஏறினா தரங்கம்பாடி வழியில வந்துடும்.

ஏறும்போது பாருங்க வேடிக்கையை. முன்வாசல்ல அம்மா ஏறுவாங்க, பெட்டியோட பின்வாசல்ல ஐயா. முன்னால ஒரு லேடீஸ் சீட் கிடைச்சிடும், பின்னால கம்பிதான். "டிக்கெட்?" "பின்னால வாங்குறாங்க." கண்டக்டர் கூட்டத்தைக் கிழிச்சுக்கிட்டுப் பின்னால வர்றதுக்குள்ள செம்பனார்கோயில் வந்துடும். பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கேப்பாங்க, சில்லறையா எடுத்து வெச்சுக்கோங்க. சக்கரப் பெட்டியை நடைபாதையில நிறுத்தாதீங்க. முதல் வளைவுலயே அது தானா கிளம்பிப் போய் யாராவது பாட்டியம்மா முழங்கால்ல இடிக்கும், அப்புறம் வழி முழுக்க அர்ச்சனை. டிரைவர் பக்கத்து பேனட் ஓரம், இல்லன்னா கடைசி சீட்டுக்குக் கீழ படுக்க வெச்சிடுங்க. துணிப் பை எடுத்துட்டு வந்தவங்களுக்கு இந்தப் பாடே கிடையாது.

முகூர்த்த நாளா இருந்தா கேக்கவே வேணாம். வழியில திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம்னு குடும்பம் குடும்பமா வேன் நிக்கும், பஸ் நகராது. தரங்கம்பாடியில இருந்து அது ஏழு கிலோமீட்டர் போலத்தான். அங்க ரூம் கிடைக்காதவங்க இங்க வந்து நிரப்பிடுவாங்க. தேதி போடுறதுக்கு முன்னால காலண்டரைக் கிழிச்சுப் பாருங்க.

இந்த மாறுற தொல்லையே வேணாம்னா காரைக்கால் ரயில் இருக்கு. தஞ்சாவூர்ல ஏறி, திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் வழியா. அங்கருந்து வடக்கே தரங்கம்பாடி 15 கிலோமீட்டர்தான். ஆனா வண்டிகள் கொஞ்சம், நேரம் ஒத்துவரணும். காரைக்கால் புதுச்சேரி சேர்ந்த மண்ணுங்கிறதால, பொறையாருக்கு முன்னால நண்டலாறு சோதனைச் சாவடியில மது பாட்டில் தேடிப் பையைத் திறக்கச் சொல்லலாம். ஒழுங்கா மடிச்சு வெச்ச புடவையெல்லாம் நடுரோட்டுல பிரியும்.

கார்? ஒன்வே டாக்ஸிக்காரங்க பெரும்பாலும் குறைஞ்சது 130 கிலோமீட்டர்னு கணக்கு வெச்சிருக்காங்க. நீங்க போறது 100, பில்லு 130. டிரைவர் பேட்டா தனி. போக வரன்னு பேசினா ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் கணக்கு. ஃபோன்லயே "பேட்டா, டோல் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு"ன்னு கேட்டு மெசேஜா வாங்கிக்கோங்க. வாய்வார்த்தை இறங்குற இடத்துல மாறும்.

எல்லாம் சரியா நடந்தா மதியம் ரெண்டு மணிக்குள்ள தரங்கம்பாடி. பஸ் மெயின் ரோட்டுல விட்டுடும். நகர வாசலைத் தாண்டி ராஜ வீதியில நடக்கணும். அந்த வீதிக்குள்ள காலை வெச்சதும் சத்தம் அடங்கிடும், அதைக் குறை சொல்ல மனசு வராது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ரெண்டு பழைய தேவாலயம், நேரா கடல். ஆனா அமைதியான ஊர்னா ராத்திரியும் அமைதிதான். எட்டு மணிக்கு மேல இட்லி தேடினா கடை சாத்தியிருக்கும், பொறையாருக்குத்தான் போகணும். ரூம்காரங்ககிட்ட சாயங்காலமே சாப்பாடு சொல்லி வெச்சிடுங்க. ஆதாரும் ஒருத்தரோடது பத்தாது, ரெண்டு பேரோடதும் கேப்பாங்க.

கடலோரத்துல நிக்கிறது, டேனிஷ்காரங்க 1620ல தஞ்சாவூர் அரசர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டுக் கட்டின கோட்டை. தஞ்சாவூர் அரசர் இடம் கொடுத்து டென்மார்க் கப்பல் வந்து நின்ன ஊருக்கு, தஞ்சாவூர்ல இருந்து நீங்க ரெண்டு பேரும் மூணு வண்டி மாறி, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்திருக்கீங்க. கோட்டை மியூசியம் 5 மணிக்கு மூடுவாங்க, அதனால குளிக்கிறதைத் தள்ளி வெச்சிட்டு முதல்ல அங்க ஓடுங்க. ஓடுறதுக்கு முன்னால இன்னைக்கு என்ன கிழமைன்னு பாத்துக்கோங்க. வெள்ளிக்கிழமைன்னா ஓட வேணாம், லீவு.