ஊரிலேயே குடியிருந்த வாத்தியார்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரிமண் (செம்மணல் மேடு) ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர். எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலைப் புதுப்பித்து வாசலில் கறுப்பு கிரானைட்டில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். பிரதிஷ்டை செய்த பேராயர், சேகரத் தலைவர் (பல ஊர்ச் சபைகளுக்குப் பொறுப்பான குருவானவர்), கட்டடக் கமிட்டி, நன்கொடை கொடுத்தவர்கள் என்று எல்லார் பெயரும் இருக்கிறது, கொடுத்த தொகையோடு. பள்ளி வாத்தியாராக இருந்துகொண்டே 32 வருஷம் அந்தச் சபையைத் தோளில் சுமந்த என் பெரியப்பா பெயர் இல்லை. சொந்தக்காரன் என்பதால் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு முன்னால் இருந்த வாத்தியார்கள் ஒருவர் பெயர்கூட இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் சபை வரலாறு என்றால் உடனே மிஷனரிகள் கதைதான், ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தது, கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தது, நாசரேத்தில் மர்காசியஸ் ஐயர் (பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்) 1876-லிருந்து 1908 வரைக்கும் ஊழியம் செய்தது என்று சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஐயருக்குப் பத்துப் பதினைந்து ஊர் இருந்தால் ஒவ்வோர் ஊரிலும் அன்றாடம் யார் இருந்தார்கள்? உபதேசியார் (சபையில் போதித்து ஜெபம் நடத்துகிறவர்) இருந்தார், இல்லையென்றால் வாத்தியார் இருந்தார், பல ஊர்களில் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். பகலில் பிள்ளைகளுக்கு அ, ஆ. சாயங்காலம் அதே கூரைக்குக் கீழே பெரியவர்களுக்கு ஜெபம். எங்கள் ஊரிலும் முதலில் ஜெபவீடும் பள்ளிக்கூடமும் ஒரே ஓலைக் கொட்டகைதான் என்று ஆச்சி சொல்லுவாள்.

பெரியப்பா 1962-ல் அங்கே வேலைக்கு வந்தவர். சாயங்காலம் ஆறரைக்கு அவரே போய் மணி அடிப்பார். சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் அப்படியே இருக்கும், முகம் மட்டும் கழுவியிருப்பார். பதநீர் காலம் வந்தால் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராது, விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசையில்) அம்மாவுக்குக் கூட நின்று கருப்பட்டி காய்ச்சப் போய்விடும். இவர் சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு விடிலிக்கே போய்விடுவார் (தேரிமணலில் சைக்கிள் மிதிக்க முடியாது, உருட்டத்தான் வேண்டும்). அடுப்பு வெளிச்சத்தில் வாய்ப்பாடு கேட்பார், அப்படியே பைபிளிலிருந்து ஒரு சங்கீதமும் சொல்லிக் கொடுப்பார். நான் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டையும் இருபத்துமூன்றாம் சங்கீதத்தையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்தது அப்படித்தான், இன்றைக்கும் ஒன்றை நினைத்தால் மற்றதும் சேர்ந்தே வருகிறது.

அப்புறம் பாட்டு. ஆசிரியர் பயிற்சியில் அவர் சோல்ஃபா என்கிற மேல்நாட்டு ஸ்வர முறையைக் கற்றிருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்னாலேயே பள்ளிக் கரும்பலகையைத் தூக்கிக் கோயிலில் சாத்தி, ஒரு பக்கம் டெனர் (ஆண்களின் மேல் குரல்), மறுபக்கம் பாஸ் (கீழ்க் குரல்) என்று டோ ரே மீ எழுதிவிடுவார். பனையேறிவிட்டு வந்து கையில் காய்ப்போடு நிற்கிற ஆட்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட, கேட்டுக் கேட்டே நாலு குரலில் பாடினார்கள். அந்தச் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கொழும்பிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வரும் கடிதத்தையெல்லாம் அவர்தான் வாசித்துச் சொல்லுவார். யார் வீட்டில் என்ன கடன், என்ன சண்டை என்று அவருக்குத் தெரியாதது இல்லை, ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. வீடுகளில் சபைக்கு ஒதுக்கிக் கொடுக்கும் பிடி அரிசிக் கணக்கு, காணிக்கைப் பொருட்களை விற்கும் ஞாயிற்றுக்கிழமை ஏலக் கணக்கு எல்லாம் அவர் நோட்டில் பைசா சுத்தமாக இருக்கும். ஒருமுறை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சபையின் பெட்ரோமாக்ஸ் லைட்டைக் கொடுத்தார் என்று சிலர் கூட்டத்தில் சண்டைக்கு வந்தார்கள். "அந்தப் பிள்ளைகளும் என் பிள்ளைகள்தானே, இருட்டுல நிக்கச் சொல்லவா?" என்று கேட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது பெரியம்மா. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சாவு வீடு என்றால் நடு ராத்திரியில் கதவைத் தட்டுவார்கள், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து விடியற்காலம் நாற்பது பேர் வந்து நிற்பார்கள், சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டாது. "இந்த மனுசனுக்கு ரெண்டு வீடு, ஒண்ணுல மணி தொங்குது" என்பாள். சொல்லிக்கொண்டே கருப்பட்டிக் காப்பிக்கு உலை வைப்பாள்.

என் கருத்து இதுதான்: அவரை அவராக்கியது பெரிய படிப்போ பிரசங்கமோ இல்லை, அந்த ஊரிலேயே குடியிருந்தது. இப்போதைய டீச்சர்கள் காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் பஸ்ஸில் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர்கள் பிள்ளைகள் டவுனில் படிக்கிறார்கள், ஊரில் வாடகைக்கு வீடும் கிடையாது. நானே சென்னையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் நாலரை மணிக்குப் பள்ளி பூட்டியதும் ஊரில் ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் கேட்க ஆள் இல்லை, கோயிலில் ஞாயிறு தவிர மணி இல்லை. கிரானைட்டுக்குச் செலவு செய்த சபை, ஒரு வாத்தியார் குடும்பம் தங்குகிற மாதிரி ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கலாம் என்று கமிட்டியிடமே சொன்னேன். சரி, பார்ப்போம் என்றார்கள்.

கல்வெட்டில் கீழே ஒரு சாண் இடம் இருக்கிறது, வாத்தியார்கள் பெயரைப் பொறித்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். பெரியப்பாவுக்குப் பிறகு இருந்த இரண்டு பேர் பெயர் தெரியும். 1962-க்கு முன்னால் இருந்தவர்கள் பெயர்தான் வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். பழைய ஞானஸ்நான அட்டை, பள்ளிச் சான்றிதழ் எதிலாவது கையெழுத்து இருந்தாலும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.