குறைமாதப் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு

"ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது" என்ற பேச்சைத் திருகோணமலையில் இன்றும் கேட்கிறேன். அது பிழை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் பலம்தான். 37 கிழமை முடியுமுன் பிறந்தால் குறைமாதம். உலகில் ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளை அப்படித்தான் பிறக்கிறது. இரட்டைப் பிள்ளைகளிலோ பாதிக்கு மேல்.

எனக்குக் கவலை, ஆஸ்பத்திரியில் இருந்து துண்டு வெட்டி வந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான். "உயிர் தப்பிவிட்டது, கடவுள் காப்பாற்றிவிட்டார்" என்று கோணேசருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, கிளினிக் திகதியைத் தவற விடுகிறோம். கண் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மிக முந்திப் பிறந்த பிள்ளைக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. ஒட்சிசன் கொடுத்த பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூட. அந்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துவிட்டால் பார்வை போய்விடும். வெளியில் பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். தாய்க்கு ஒன்றும் தெரியாது. பிறந்து நாலு கிழமையளவில் கண் வைத்தியர் பார்த்தால் லேசர் சிகிச்சையால் காப்பாற்ற இடம் உண்டு. பிந்தினால் இல்லை. கிளினிக்குக்கு வரும் வழியைப் பாருங்கள்: கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வந்துவிட்டது, படகுக்குக் காத்திருந்த காலம் இல்லை. ஆனால் வெருகலில் இருந்து இரட்டைப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் தனியாக பஸ் ஏறுவது இன்றும் லேசான காரியமா? இரட்டைப் பிள்ளை என்றால் எடையும் குறைவு, பால் கொடுப்பதும் இரட்டிப்பு, தாய்க்குத் தூக்கமே இல்லை.

இதற்குள் பார்க்க வருபவர்களின் கேள்வி வேறு: "ஆறு மாதமாச்சே, இன்னும் குப்புறப் பிரளவில்லையா?" எட்டுக் கிழமை முந்திப் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் என்றால், வளர்ச்சிக்கு நாலு மாதக் கணக்குத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த திகதிதான், அதைப் பிந்தப் போடக்கூடாது. தாயின் மனதை நோகடிக்கும் அந்தக் கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்காக எல்லாவற்றையும் "குறைமாதம்தானே" என்று தள்ளியும் விடாதீர்கள். திருத்திய கணக்கிலும் பிந்தினால், சத்தத்துக்குத் திரும்பாவிட்டால், மிட்வைஃப் மிஸ்ஸிடம் உடனே சொல்லுங்கள்.

அப்புறம், அப்பாமார். பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறை, இன்குபேட்டர் போதாத கொலம்பியாவில் 1970களின் கடைசியில் தொடங்கியது. இந்தியாவும் ஆபிரிக்க நாடுகள் நாலும் சேர்ந்து செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது: பிறந்த உடனேயே இதைத் தொடங்கியதில், எடை குறைந்த பிள்ளைகளின் இறப்பு கால்வாசி குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. இரண்டு பிள்ளைக்கு ஒரு தாயின் நெஞ்சு எப்படிப் போதும்? சேட்டைக் கழற்றிவிட்டு அப்பாவும் இருக்கலாம், அம்மம்மாவும் இருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களே, சட்டை வாங்கிப் போவதை விட அடுத்த கிளினிக் எப்போது என்று கேளுங்கள். அன்றைக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே போங்கள்.