எட்டாயிரம் ஹெர்ட்ஸ் தம்பி

(அக்கா, ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலையில் இருப்பவள். தம்பி, வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை விளையாடுபவன், வேலை நேரத்தில் அதைப் பற்றி யோசிப்பவன்.)

தம்பி: அக்கா, கார்ட்டில் ரெண்டு பொருள் போட்டு வைத்திருக்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லேன்.

அக்கா: வாங்குவது என்று முடிவு செய்துவிட்டுத்தானே கேட்கிறாய்?

தம்பி: முடிவெல்லாம் செய்தாகிவிட்டது. பணம்தான் பாதி குறைகிறது. அதனால் உன் கருத்தையும் மதிக்கலாமே என்று.

அக்கா: மதித்தது போதும், போனைக் கொடு. இது என்னடா, கீபோர்டா? எந்த விசேஷத்துக்கு இத்தனை விளக்கு?

தம்பி: ஆர்ஜிபி அக்கா. 1 கோடியே 67 லட்சம் நிறம் காட்டும்.

அக்கா: துணி எடுக்கப் போனால் கறுப்பும் கருநீலமும் தவிர மூன்றாவது நிறத்தைத் தொடமாட்டாய். உனக்கு எதற்கு ஒரு கோடி?

தம்பி: விளக்கை விடு, அது கூடவே வருவது. மவுஸைப் பார். 8000 ஹெர்ட்ஸ்! சாதாரண மவுஸ் விநாடிக்கு 125 தடவைதான் தான் எங்கே இருக்கிறேன் என்று கணினியிடம் சொல்லும். இது 8000 தடவை சொல்லும்.

அக்கா: நீ வெளியே போனால் எங்கே இருக்கிறாய் என்று அம்மாவிடம் ஒரு தடவை சொல்வதில்லை. உன் மவுஸ் மட்டும் விநாடிக்கு 8000 தடவை சொல்ல வேண்டுமாக்கும். சரி, இப்போது இருக்கிற மவுஸ் எத்தனை தடவை சொல்கிறது?

தம்பி: அது... 1000.

அக்கா: அப்போ அது சாதாரண மவுஸ் இல்லையே.

தம்பி: கேமிங் மவுஸ்தான். பழசு.

அக்கா: விநாடிக்கு 1000 என்றால் ஒரு மில்லி விநாடிக்கு ஒரு தடவை. 8000 என்றால் 0.125 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. ஆக, ஒரு முழு மில்லி விநாடிகூட மிச்சமாகவில்லை. திரையில் ஒன்றைப் பார்த்துவிட்டு விரலால் அழுத்துவதற்கு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? 200, 250 மில்லி விநாடி. அதுவும் விழித்திருக்கிற மனிதனுக்கு.

தம்பி: உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அக்கா: ஒரு கேமிங் பாட்காஸ்ட் முழுவதையும் எழுத்தாக்கிக் கொடுத்தது யார் என்று நினைத்தாய்? நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், யார் என்ன சொன்னார் என்று பிரித்து எழுத வேண்டும். மவுஸ் விநாடிக்கு எத்தனை தடவை சொல்கிறது என்பதற்குப் பெயர் போலிங் ரேட்; அந்தச் சொல்லை நான் தட்டிய அளவுக்கு நீ உன் துப்பாக்கியைச் சுட்டிருக்க மாட்டாய். மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்?

தம்பி: அதை எதற்குக் கேட்கிறாய்...

அக்கா: எத்தனை?

தம்பி: 60.

அக்கா: 60! அதாவது 16.7 மில்லி விநாடிக்கு ஒரு தடவைதான் உனக்குப் புதுப் படமே வருகிறது. மவுஸ் 8000 தடவை கூவுகிறது, திரை 60 தடவை எட்டிப் பார்க்கிறது. இந்தப் பணத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினாலாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஏழு மில்லி விநாடிதான் இருக்கும், அது கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம்.

தம்பி: பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஒரு மில்லி விநாடிகூட முக்கியம் அக்கா.

அக்கா: அவர்களுக்கு. மற்ற எல்லாவற்றையும் சரி செய்து முடித்தவர்கள், மிச்சம் இருக்கிற ஒரு மில்லி விநாடியைத் தேடுகிறார்கள். நீ கடைசி மேட்சில் எப்படிச் செத்தாய்?

தம்பி: ஒருத்தன் பின்னால் வந்து சுட்டுவிட்டான்.

அக்கா: பின்னால் வந்தவனை எந்த மவுஸ் காட்டிக்கொடுக்கும்?

தம்பி: அதற்கு நல்ல ஹெட்செட் வேண்டும்.

அக்கா: அதுவும் கார்ட்டில் இருக்கிறதா?

தம்பி: இல்லை இல்லை. அது விஷ்லிஸ்ட்டில் இருக்கிறது.

(இந்த இடத்தில் அக்கா காட்டிய மௌனம் மில்லி விநாடியில் அளக்கக்கூடியது அல்ல.)

தம்பி: ஹெர்ட்ஸை விட்டுவிடு. டிபிஐ 30,000, அதற்கு என்ன சொல்கிறாய்?

அக்கா: உன் திரையின் அகலம் 1920 புள்ளி. 30,000 டிபிஐ வைத்தால், மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் பாயிண்டர் 30,000 புள்ளி போகும். அப்போ உன் திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாண்ட எவ்வளவு நகர்த்த வேண்டும்? ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நீ தும்மினால் போதும், துப்பாக்கி வானத்தைப் பார்க்கும். சரி, எத்தனையில் வைத்து விளையாடப் போகிறாய்?

தம்பி: 800.

அக்கா: இப்போது எத்தனையில் விளையாடுகிறாய்?

தம்பி: 800தான். பெரிய ஆட்டக்காரர்களும் 400, 800, மிஞ்சிப் போனால் 1600 என்றுதான் வைக்கிறார்கள்.

அக்கா: அப்போ மீதி 29,200 டிபிஐயை யாருக்கு வாடகைக்கு விடப் போகிறாய்?

தம்பி: நீ கிண்டல் செய்கிறாய். உண்மையில் என் மவுஸில் ஒரு பிரச்சினை இருக்கிறது அக்கா. ஒரு தடவை அழுத்தினால் ரெண்டு தடவை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது.

அக்கா: ஒரு குண்டுக்கு ரெண்டு குண்டு. லாபம்தானே?

தம்பி: விளையாட்டில் பரவாயில்லை. அலுவலக ஃபைலை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கீழே போட்டுவிடுகிறது. எந்த ஃபோல்டரில் விழுந்தது என்றே தெரிவதில்லை. மேனேஜர் கேட்டால் மவுஸ்தான் சார் என்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறார்.

அக்கா: இதை முதலில் சொல்லியிருக்கலாம் இல்லையா? உள்ளே இருக்கிற சின்ன உலோகத் தகடு தேய்ந்து போனால் அப்படித்தான், தொட்டதும் துள்ளும், ஒரு கிளிக் ரெண்டாகிவிடும். இப்போது ஒளியை வைத்து வேலை செய்கிற ஆப்டிகல் ஸ்விட்ச் வருகிறது, அதில் தகடோடு தகடு உரசுகிற வேலை இல்லாததால் இந்தத் தொல்லை வராது. சரி, மவுஸ் வாங்க உனக்கு நியாயமான காரணம் இருக்கிறது. எங்கே, கையைக் காட்டு.

தம்பி: கை எதற்கு? ஜோசியமா?

அக்கா: நீ மவுஸ் பிடிக்கிற லட்சணத்தைப் பார்க்கத்தான். பார், உள்ளங்கை முழுவதையும் மேலே படுக்க வைக்கிறாய். கார்ட்டில் நீ போட்டிருப்பது விரல் நுனியால் பிடிக்கிறவர்களுக்கான குட்டி மவுஸ். ரெண்டு நாளில் சுண்டு விரல் தரையில் தேயும், மணிக்கட்டு வலிக்கும், அப்புறம் மவுஸ் சரியில்லை என்று இன்னொன்று கார்ட்டில் ஏறும்.

தம்பி: ஆனால் அது 60 கிராம்தான் அக்கா! என்னுடையது நூறுக்கு மேல்.

அக்கா: எடை குறைவாக இருந்தால் நல்லதுதான், நாள் முழுவதும் தூக்கித் தூக்கி வைப்பதால் கைக்கு அது தெரியும். டிபிஐக்கும் ஹெர்ட்ஸுக்கும் கொடுக்கிற காசைவிட எடைக்கும் வடிவத்துக்கும் கொடுக்கிற காசு வீண்போகாது. என்ன கொடுமை என்றால், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடுவது முதல் ரெண்டைத்தான். உன் உள்ளங்கைக்குப் பொருந்தும் என்று எவன் அச்சடிப்பான்?

தம்பி: அப்போ பெரிய சைஸ், லேசான எடை, 1000 ஹெர்ட்ஸ், ஆப்டிகல் ஸ்விட்ச்.

அக்கா: விலை?

தம்பி: பாதிதான் வருகிறது. ஐயோ, ஏன் இவ்வளவு குறைவு? சந்தேகமாக இருக்கிறது.

அக்கா: குறைவாக இருந்தால் சந்தேகம், அதிகமாக இருந்தால் நம்பிக்கை. உன்னை மாதிரி ஆட்களை நம்பித்தான் விளக்கெல்லாம் எரிகிறது. விண்டோஸில் பாயிண்டர் துல்லியத்தைக் கூட்டும் என்று ஓர் அமைப்பு இருக்குமே, அதை அணைத்து வைத்திருக்கிறாயா?

தம்பி: துல்லியத்தைக் கூட்டுவதை ஏன் அணைக்க வேண்டும்?

அக்கா: வேகமாக நகர்த்தினால் பாயிண்டர் அதிக தூரம் போகும், மெதுவாக நகர்த்தினால் குறைவாகப் போகும். ஒரே தூரம் கையை நகர்த்தினாலும் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் போய் நிற்கும். கை எப்படிப் பழகும்? உன் விளையாட்டுக்குள் அது செல்லுமா செல்லாதா என்பது விளையாட்டின் அமைப்பைப் பொறுத்தது, ஆனால் அணைத்துவிட்டால் தலைவலி இல்லை. காசும் இல்லை.

தம்பி: காசு செலவழிக்காமல் கிடைக்கிற முன்னேற்றத்தில் ஒரு திருப்தியே இல்லை அக்கா.

அக்கா: சரி, கீபோர்டுக்கு வா. இப்போது இருப்பதற்கு என்ன குறை?

தம்பி: இது ரப்பர் மெம்பரேன். குனிந்தபடியே சாய்வாக ஓடிக்கொண்டு குதித்தால் நாலு கீயை ஒன்றாக அழுத்த வேண்டும். மூன்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. குதிக்கவே மாட்டேன் என்கிறது.

அக்கா: இது நியாயம். ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் இருக்கிற மெக்கானிக்கல் கீபோர்டில் எத்தனை கீ அழுத்தினாலும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும். ஆனால் அதற்கு இவ்வளவு விலை எதற்கு? அந்த ஸ்விட்சைச் செய்கிற செர்ரி நிறுவனத்தின் காப்புரிமை 2014 வாக்கிலேயே முடிந்துவிட்டது, அப்புறம் ஆளாளுக்குச் செய்கிறார்கள், மலிவாகவே நல்லது கிடைக்கிறது.

தம்பி: நான் பார்த்தது சாதாரண மெக்கானிக்கல் இல்லை. காந்த ஸ்விட்ச்! கீ எவ்வளவு ஆழம் போனது என்று சென்சார் அளந்துகொண்டே இருக்கும். சாதாரண ஸ்விட்சில் 2 மில்லிமீட்டர் அழுத்தினால்தான் பதியும், இதில் 0.1 மில்லிமீட்டரிலேயே பதிய வைக்கலாம்.

அக்கா: கீ மேலே விரலை வைத்து ஓய்வெடுக்கிற பழக்கம் உள்ளவன் நீ. மேனேஜருக்கு ‘வணக்கம் சார்’ என்று அடித்தால் ‘வவவவணக்கம்’ என்று போகும். உனக்குக் குளிர் காய்ச்சல் என்று லீவு கொடுத்துவிடுவார்.

தம்பி: வேலை நேரத்தில் ஆழத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது, ஏ கீயை அழுத்தி இடப்பக்கம் ஓடும்போது, அதை விடாமலே வலப்பக்கத்துக்கான டி-யை அழுத்தினால், கீபோர்டே ஏ-வை விட்டுவிடும். சட்டென்று நின்று சுடலாம். இந்த வசதிக்காகவே இந்த விலை கொடுக்கலாம்.

அக்கா: தம்பி, உட்கார்.

தம்பி: உட்கார்ந்துதானே இருக்கிறேன்.

அக்கா: நன்றாக உட்கார். 2024 ஆகஸ்டில், உன் விளையாட்டைச் செய்த வால்வ் நிறுவனம், கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ல், அதுவும் நீ தினமும் போய் விழுகிற அதிகாரப்பூர்வ சர்வர்களில், அந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்களை மேட்சிலிருந்து வெளியே தள்ளுவோம் என்று அறிவித்துவிட்டது. எதிரி சுட்டு வெளியே போவது போதாதென்று, நீயே காசு கொடுத்து வெளியே போக வழி செய்கிறாய்.

தம்பி: அப்போ அதை அணைத்து வைத்துவிட்டு விளையாடினால்?

அக்கா: விளக்கு எரிகிற கீபோர்டு.

தம்பி: 10 கோடி தடவை அழுத்தினாலும் தேயாதாம் அக்கா. அதையாவது கணக்கில் எடு.

அக்கா: உனக்கு அது தேயாதுதான். முன்னால் ஓடுவதற்கான டபிள்யூ கீயை மேட்ச் தொடக்கத்தில் அழுத்தினால் சாகும்வரை எடுப்பதில்லை, அது ஒரே அழுத்தல். பின்னால் வருவதற்கு இருக்கிற எஸ் கீ உன் பேரன் காலத்திலும் பெட்டி பிரித்த புதுசாக இருக்கும்.

தம்பி: சரி, தோற்றுவிட்டேன். ஆனால் நண்பன் ஒருவனிடம் மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று இரவல் வாங்கி வந்தேன், ஒரு தடவை தட்டிப் பாரேன். காந்தமெல்லாம் இல்லை, சாதாரணம்தான். பழுப்பு ஸ்விட்ச்.

அக்கா: பழுப்பு என்றால்?

தம்பி: சிவப்பு சறுக்கிக்கொண்டு நேராகப் போகும். நீலம் டிக் டிக் என்று சத்தம் போடும், ராத்திரி அடித்தால் அப்பா எழுந்து வந்துவிடுவார். பழுப்பு, பதிகிற இடத்தில் விரலுக்கு மட்டும் ஒரு சின்ன மேடு தெரியும்.

(அக்கா தட்டுகிறாள். ஒரு வரி. இரண்டு வரி. ஒரு பத்தி. பாதியில் கிடந்த ஒலிப்பதிவைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள்.)

தம்பி: அக்கா?

அக்கா: ஷ்ஷ்.

தம்பி: அக்கா, அதை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அக்கா: அடி வரைக்கும் குத்த வேண்டியதே இல்லையடா இதில்! பாதியிலேயே பதிந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிகிறது. இத்தனை வருஷமாக அந்த ரப்பரைக் குத்திக் குத்தி என் விரல் மூட்டெல்லாம்... இதை எவனாவது என்னிடம் சொன்னானா? கேமிங் கேமிங் என்று விளையாட்டுக்காரனிடமே விற்கிறான்கள். எட்டு மணி நேரம் தட்டுகிறவள் நான் இங்கே இருக்கிறேன்!

தம்பி: அப்போ கீபோர்டு வாங்கலாம் என்கிறாய்.

அக்கா: வாங்கலாம். எனக்கு. உனக்கு மவுஸ், நான் சொன்ன அந்தப் பாதி விலை மவுஸ்.

தம்பி: அக்கா! பாதிப் பணம் கேட்டு வந்தவன் நான்!

அக்கா: அதனால்தான் கணக்கு நேராக இருக்கிறது. என் பாதியில் கீபோர்டு வாங்குகிறேன், உன் பாதியில் மவுஸ் வாங்கு. நான் தூங்கிய பிறகு வேண்டுமானால் கீபோர்டை எடுத்துக்கொள், ஆனால் தோற்றால் அதன் மேல் குத்தக்கூடாது.

தம்பி: அப்போ ஆர்டர் போட்டுவிடட்டுமா?

அக்கா: இரு, அவசரப்படாதே. கீ மேலே இருக்கிற இந்த மூடி, கீகேப், இதைத் தனியாகவும் மாற்றலாமாமே? இங்கே ஊதாவில் ஒரு செட் இருக்கிறது பார். ஸ்விட்சையே பிடுங்கி மாற்றலாம் என்றும் போட்டிருக்கிறான்.

தம்பி: அக்கா, அதெல்லாம் எதற்கு? வேலைக்குத் தானே?

அக்கா: நடுவில் பேசாதே. ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப் சீக்கிரம் பளபளத்துப் போகும், பிபிடி பிளாஸ்டிக் நின்று உழைக்கும் என்கிறானே, உண்மையா? அது மட்டும் சொல். அப்புறம் அந்த மணிக்கட்டுக்கு வைக்கிற திண்டு, அதையும் கார்ட்டில் போடு. வேண்டாம், விஷ்லிஸ்ட்டில் போடு.