கூர்முனை எழுத்துக்குக் கொஞ்சம் வெள்ளை விடுங்கள்

தடித்த கோடு, வளைவு குறைந்த உடம்பு, மூலைக்கு மூலை வெட்டிவிட்ட கூர்மை. இப்படிப்பட்ட தலைப்பு எழுத்துருக்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் நாலு வரிப் பத்தியைக்கூட அதிலேயே போட்டு நிரப்புவதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை.

இந்த எழுத்தின் பலமெல்லாம் கருப்பில் இருப்பதாக நினைக்கிறோம். என்னைக் கேட்டால் பாதி பலம் வெள்ளையில் இருக்கிறது. கோடு தடிக்கத் தடிக்க எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்கும். பெரிய அளவில் அந்தச் சின்ன வெள்ளைக் கீற்றுதான் எழுத்தை அடையாளம் காட்டுகிறது. அளவைக் குறைத்தால் முதலில் அடைபடுவதும் அதுதான்.

ஜெர்மனியின் எழுத்து வடிவமைப்பாளர் ருடால்ஃப் கோக் 1923-ல் செய்த 'நொய்லண்ட்' எழுத்துரு இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. தாளில் வரைந்துகொள்ளாமல் நேராக அச்செழுத்துக்கான உலோகத்திலேயே செதுக்கினார். கை வெட்டிய வேகம் ஒவ்வொரு முனையிலும் தெரியும். அளவுக்கு அளவு வடிவமும் கொஞ்சம் மாறும். நெதர்லாந்தின் விம் க்ரோவல் 1967-ல் வேறு வழியில் போனார். அன்றைய மின்னணு அச்சுக்கோப்புக் கருவிகள் வளைவுகளைச் சிதைத்தன என்று, நேர்கோடுகளை மட்டும் வைத்து ஓர் அகரவரிசையே அமைத்தார். துணிச்சலான சோதனை, ஆனால் அதில் சில எழுத்துகளை இன்னதென்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ட, ப இரண்டும் இயல்பிலேயே கோணமானவை, தொந்தரவு தராது. சுழி உள்ள எழுத்துகளில்தான் வினை. ண-வின் சுழிகளைச் சதுரமாக்கித் தடிக்கவிட்டால் அது ன மாதிரி ஆகிவிடும். ர-வின் கீழ்ச்சாய்வை அழகுக்காக நறுக்கினால் துணைக்காலுக்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது. எ, ஏ இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு சாய்கோடு. அதையும் மழித்துவிட்ட எழுத்துரு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். ஒரு எழுத்தை இன்னொன்றாகப் படிக்கவைக்கும் அழகு அழகே இல்லை.

அப்புறம் இடைவெளி. ட-வின் வலப்பக்க மேற்பகுதி காலியாகக் கிடப்பதால், கணினி தரும் அளவை அப்படியே விட்டால் சொல்லின் நடுவே பொத்தல் விழும். பெரிய தலைப்பில் இதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். சோம்பல் படக் கூடாது.

போஸ்டர் தலைப்பு, ஜெர்சி எண், இசைத்தொகுப்பு உறை, லோகோ: இரண்டு மூன்று சொல் வரும் இடங்களில் தாராளமாகப் போடுங்கள். கீழே வரும் விவரங்களை அமைதியான ஓர் எழுத்துருவுக்கு விட்டுவிடுங்கள். நிழல், வெளிக்கோடு, பளபளப்பு எதுவும் சேர்க்காதீர்கள். அந்த முனைகளை மழுங்கடிப்பது அவைதான். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் 'காரணம்' என்று தட்டச்சு செய்து பாருங்கள். துணைக்கால், ர, ண மூன்றும் அடுத்தடுத்து வரும். தள்ளி நின்று பார்த்தும் தடுமாறாமல் படிக்க முடிந்தால் வாங்கலாம்.