இன்கமிங்குக்கு எதற்கு மாத வாடகை?

போனில் படம் பார்க்கிறவன், ரீல்ஸ் தள்ளுகிறவன், விடிய விடிய கேம் ஆடுகிறவன் காசு கொடுக்கட்டும். இன்னும் கொஞ்சம் கூட்டி வாங்கினாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பிள்ளைகள் யாராவது கூப்பிடுவார்களா என்று போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடக்கிற ஒரு வயதானவரிடம், 28 நாளைக்கு ஒருமுறை இருநூறு ரூபாயை ஒட்டி வாங்குவது என்ன நியாயம்? அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. நெட் என்றால் அவருக்கு மீன் வலை. ரீசார்ஜ் முடிந்த சில நாளில் இன்கமிங்கையும் நிறுத்திவிடுகிறார்கள். கூப்பிடுகிறவனுக்கு, இந்த எண்ணில் உள்வரும் அழைப்பு வசதி இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்கிறது. கூப்பிடுகிறவன் துபாயிலோ தோஹாவிலோ இருந்தால், அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் போயிற்று.

குமரி மாவட்டத்தில் இது பெரிய விஷயம். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் என்று எந்தப் பக்கம் போனாலும் பெரிய வீடு, பூட்டிய மாடி, கீழே ஒரு அம்மையோ பாட்டாவோ மட்டும் என்று எத்தனை வீடுகள்! பிள்ளைகள் கல்ஃபில், சென்னையில், பெங்களூரில். கடற்கரைப் பக்கம் வேறு கதை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் கொச்சி தோப்பும்படியிலிருந்து ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் ரேஞ்ச் கிடையாது. சாதாரண ஜிஎஸ்எம் டவருக்குக் கணக்குப்படியே 35 கிலோமீட்டர்தான் எல்லை. படகு திரும்பி வரும்போது ரேஞ்ச் கிடைத்த உடனே வீட்டுக்கு ஒரு கால் வரும். அந்த ஒரு காலுக்காகத்தான் வீட்டில் போனே வைத்திருக்கிறார்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்துவிட்டுப் போன பிறகு, இங்கே கரண்டும் டவரும் படுத்துக் கிடந்த நாட்களில், லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரை ஒதுங்கியவர்களிடமிருந்து போன் வராதா என்று இந்த ஊர்கள் எப்படிக் காத்திருந்தன என்று தெரிந்தவர்களுக்கு, இன்கமிங் என்பது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

என் பெரியம்மையிடம் ரீசார்ஜ் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஒரே பதில்தான். "நான் யாருக்கு விளிக்கப் போறேன் மக்களே? அவனல்லா எனக்கு விளிக்கணும். விளிக்கவன் பைசா குடுக்காம்லா?" இதைக் கேட்டு வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, ஏனென்றால் பெரியம்மை சொல்வதுதான் ரொம்ப காலம் இந்த நாட்டின் சட்டமாக இருந்தது.

மொபைல் வந்த புதிதில் இன்கமிங்குக்கும் நிமிடக் கணக்கில் காசு. 2003-இல்தான் அது மாறியது. கூப்பிடுகிறவர் காசு கொடுப்பார், அவருடைய கம்பெனி அதில் ஒரு பங்கை, அந்த அழைப்பை வாங்கிக் கொடுத்த கம்பெனிக்குத் தரும் என்று ஏற்பாடு. ஐயூசி என்று அதற்குப் பெயர். 2009-இல் நிமிடத்துக்கு 20 பைசா, 2015-இல் 14 பைசா. அதாவது, பெரியம்மை ஒன்றும் செய்யாமல் போனை எடுத்து "ஆரு?" என்று கேட்டுப் பேசிக்கொண்டிருந்தாலே, வேறு கம்பெனி எண்ணிலிருந்து வந்த காலாக இருந்தால், அவருடைய கம்பெனிக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று வரும்படி. பத்து ரூபாய் ஈசி ரீசார்ஜ் போட்டுவிட்டு வருஷம் முழுக்க மிஸ்டு கால் கொடுத்தே காலத்தை ஓட்டியவர்களைக் கம்பெனிகள் ஏன் பொறுத்துக்கொண்டன என்று நினைக்கிறீர்கள்? தர்மம் செய்யவில்லை. மிஸ்டு கால் கொடுத்தவர் திரும்ப வரும் காலால் சம்பாதித்துக் கொடுத்தார்.

ஜியோ 2016 செப்டம்பரில் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. ஜியோவிலிருந்து வெளியே போகும் கால்கள் அதிகம், அதனால் ஐயூசி குறைய வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பழைய கம்பெனிகள் கூடாது என்றன. 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 6 பைசாவாக்கியது. 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பேசுகிறவனுக்கு எல்லாம் இலவசம் என்று ஊரே கொண்டாடிய அந்த நேரத்தில்தான், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறவர் கம்பெனிக்குப் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லாத ஆளாகிப் போனார். மாதம் குறைந்தது இவ்வளவு போட்டால்தான் இன்கமிங் என்ற விதி வந்ததும் இந்தக் காலகட்டத்தில்தான்.

ஏர்டெல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2018 கடைசியில் 28 நாளைக்கு 35 ரூபாய். 2021 நவம்பரில் 99. 2023 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 155. 2024 ஜூலையில் 199. மற்றவர்களும் முன்னே பின்னே இதே படிகளில்தான் ஏறினார்கள். இதற்கிடையில் போட்டிக்கு ஆளும் இல்லாமல் போய்விட்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திடீரென்று படுத்துக்கொண்டபோது அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான போர்ட் எண் கிடைக்காமல் தமிழ்நாடே அலைந்தது ஞாபகம் இருக்கும். யூனினார், டோகோமோ எல்லாம் எங்கே போயின? வோடஃபோனும் ஐடியாவும் அதே வருஷம் ஆகஸ்டில் ஒன்றாயின. அப்புறம் கடையில் மூன்று தனியார், ஒரு பிஎஸ்என்எல். விலை ஏறாமல் என்ன செய்யும்?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாய் ஆனது. 199 என்பது அதில் ஆறில் ஒரு பங்கு. போன் மணியடிப்பதற்கு மட்டும். அதுவும் மாதம் என்று சொல்கிறார்களே தவிர 28 நாள்தான், அதனால் வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை. 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட்டது. வைத்திருக்கிறார்கள். கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதவில்லை போலிருக்கிறது.

இதைவிடச் சுவாரசியமானது 2024 டிசம்பர் உத்தரவு. டேட்டா வேண்டாம் என்கிறவர்களுக்கு, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், ஒரு வருஷம் வரைக்கும் வேலிடிட்டி கொடுக்கலாம் என்றது டிராய். நல்ல உத்தரவு. அதற்குக் கம்பெனிகள் என்ன செய்தன? 509 ரூபாய்க்கு 84 நாளும் 6 ஜிபியும் கொடுத்துக்கொண்டிருந்த ஏர்டெல், அதிலிருந்து டேட்டாவை உருவிவிட்டு 499 என்று போட்டது. ஆறு ஜிபியின் விலை பத்து ரூபாய்! டிராய் இதையெல்லாம் பார்க்கப் போகிறோம் என்று சொன்ன பிறகு சில நாளில் அது 469 ஆனது. ஒரு வருஷத் திட்டம் 1,849 ஆனது. ஜியோவில் 84 நாளைக்கு 448 என்று வைத்தார்கள். 469-ஐ 28 நாளாகப் பிரித்தால் சுமார் 156 ரூபாய் வருகிறது. 199-க்கும் அதற்கும் வித்தியாசம் 43 ரூபாய்தான். டேட்டாவுக்காகத்தான் இவ்வளவு செலவு, டவர் போடுகிறோம், 5ஜி கொண்டுவருகிறோம் என்று சொல்கிறவர்கள், டேட்டாவே வேண்டாம் என்கிறவருக்குக் குறைத்தது அந்த 43 ரூபாய்.

வருஷத்துக்கு மொத்தமாக 1,849 கட்டினால் 13 தடவை 199 போடுவதைவிட 738 ரூபாய் மிச்சம்தான். ஆனால் 1,200 உதவித்தொகை வாங்குகிறவர் 1,849-ஐ ஒரே நாளில் எங்கிருந்து எடுப்பார்? அரிசியைக் கால் கிலோவாக வாங்குகிறவனுக்குத்தான் விலை கூடுதல் என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இங்கேயும் அதேதான்: டேட்டா இல்லாத திட்டத்தை ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று அந்த உத்தரவு கட்டாயப்படுத்தவில்லை, அதனால் இந்தத் தனியார்கள் அப்போது கொடுக்கவில்லை.

ரீசார்ஜ் ஆப்பைத் திறந்து பாருங்கள். முதலில் தெரிவது தினம் 2 ஜிபி, கூடவே ஏதோ ஓடிடி, அன்லிமிடெட் 5ஜி. பேச்சு மட்டும் உள்ள திட்டம் வேண்டுமானால் விரலால் தள்ளித் தள்ளி, வேறு பெயர் போட்ட ஒரு பகுதிக்குள் நுழைந்து கண்டுபிடிக்க வேண்டும். எனக்கே பொறுமை போய்விடும். முன்பெல்லாம் முக்குக்கடை அண்ணனிடம், "அம்மைக்கு, சும்மா வருவதுக்கு மட்டும்" என்று சொன்னால், எது விலை குறைவோ அதைப் போட்டுவிடுவார். அந்தக் கடைகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. எல்லோரும் யுபிஐ ஆப்பில் நாமே போடுகிறோம், அதற்கு ஒரு ரூபாயோ மூன்று ரூபாயோ பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று தனியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நம் வேலையை நாமே செய்வதற்கு நாமே கூலியும் கொடுக்கிறோம்.

"வேண்டாமென்றால் சிம்மைத் தூக்கிப் போடு" என்று சிலர் சொல்லக்கூடும். போடலாமா? பேங்க் ஓடிபி, ஆதார், காஸ் புக்கிங், ரேஷன் கடை எஸ்எம்எஸ் எல்லாம் அந்த ஒரு எண்ணில்தான். இதெல்லாம் அரசும் வங்கியும் சேர்த்துக் கட்டிவைத்தவை. பெரியம்மை கேட்டு வாங்கியது அல்ல. 90 நாள் ஒரு உபயோகமும் இல்லாமல் கிடந்தால் எண்ணைத் துண்டித்துவிடலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2013-லிருந்தே ஒரு விதி உண்டு. இதை வாட்ஸப்பில் யாரோ "இனி 20 ரூபாய் போதும்" என்று பரப்பி, எங்கள் குடும்பக் குரூப்பிலும் வந்தது. எண் கையில் இருக்கும், அவ்வளவுதான். மணி அடிக்காது. துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். அந்த எண்ணில் உங்கள் வங்கிக் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், ஓடிபி போவது முன்பின் தெரியாத ஒருவர் கைக்கு.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஸ்பெக்ட்ரத்துக்குக் கோடிக்கணக்கில் கடன், வருமானத்தில் அரசுக்குத் தர வேண்டிய பங்கைப் பற்றிய ஏஜிஆர் வழக்கில் 2019 அக்டோபரில் எதிராக வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, உலகத்திலேயே டேட்டா விலை குறைந்த நாடுகளில் ஒன்று இந்தியா என்ற உண்மை. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக 200 ரூபாய், கடைசியில் 300 ரூபாய் வர வேண்டும் என்று ஏர்டெல் தலைவர் வெளிப்படையாகவே பல வருஷமாகச் சொல்லி வருகிறார். இருநூறை அவர்கள் தாண்டியும் விட்டார்கள். சரி, வரட்டும். சராசரி என்றால் நிறைய உபயோகிக்கிறவன் நிறையக் கொடுத்து, குறைய உபயோகிக்கிறவன் குறையக் கொடுத்து வருவதுதானே? கீழே இருக்கிறவரை மேலே தூக்கிச் சராசரி காட்டுவது என்ன கணக்கு? லேண்ட்லைனுக்கும் வாடகை கட்டினோமே என்று ஒரு நண்பர் கேட்டார். கட்டினோம். ஆனால் அந்த வாடகைக்குள் கொஞ்சம் பேசவும் விட்டார்கள். கிராமத்துக்கு வாடகை நகரத்தைவிடக் குறைவாகவும் இருந்தது. எங்கள் பக்கத்து எஸ்டிடி கோடான 04651-இல் இருந்தவன் சென்னைக்காரன் அளவுக்குக் கட்டவில்லை.

பிஎஸ்என்எல்லுக்கு மாறச் சொல்கிறவர்களுக்கு: 2024 ஜூலையில் தனியார்கள் ஏற்றியபோது அவர்கள் ஏற்றவில்லை, நிறையப் பேர் போர்ட் செய்தார்கள், எங்கள் தெருவிலும்தான். பேச்சிப்பாறைக்கு மேலே போனால் இன்றைக்கும் சில இடங்களில் அது ஒன்றுதான் துணை. சொந்தத் தொழில்நுட்பத்தில் கட்டிய 4ஜியை 2025 செப்டம்பர் 27-இல் தொடங்கியும் வைத்திருக்கிறார்கள். ரேஞ்ச் எடுக்கிற இடத்தில் தாராளமாக மாறுங்கள். எங்கள் வீட்டுக்குள் எடுக்கவில்லை, முற்றத்தில் பலாமரத்தடியில்தான் எடுக்கிறது. முட்டி வலிக்காரர் மணியடிக்கும்போதெல்லாம் முற்றத்துக்கு ஓட முடியாது.

இதெல்லாம் மாறவே மாறாது என்று நினைக்கிறவர்கள் களியக்காவிளை, படந்தாலுமூடு பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். சொந்த வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தவனுக்கு கேரள டவர் எடுத்து, "கேரளத்துக்கு நல்வரவு" என்று மெசேஜ் வரும், அதோடு ரோமிங். வருகிற காலுக்கு நிமிடத்துக்கு 75 பைசா வரைக்கும் பிடிக்கலாம் என்றிருந்த காலம் உண்டு. போனில் நெட்வொர்க்கை மேனுவலாக மாற்றி மாற்றி வைத்து ஓய்ந்துபோனோம். 2015 மே மாதம் டிராய் அதை 45 பைசாவாகக் குறைத்தது, அப்புறம் போட்டியில் ரோமிங் கட்டணமே போயிற்று. இன்று நல்வரவு மெசேஜ் வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் நான் கேட்பது ஆகாத காரியமில்லை: டேட்டா இல்லாத திட்டம் 30 நாளைக்கும் கட்டாயம் வேண்டும், அதோடு இன்கமிங்கும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் என்று ஒரு திட்டம், அதற்கு டிராய் வைக்கிற ஒரு உச்சவிலை. ஆப்பில் அது முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

அதுவரைக்கும் பெரியம்மைக்கு நாங்கள் நாலைந்து பேர் பிரித்துப் போட்டு வருஷத் திட்டம் எடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், வீட்டில் வைஃபை இருந்து போனும் அதற்கு ஒத்துவந்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிடுங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை, தடித்த கான்கிரீட் சுவருக்குள் ரேஞ்ச் இல்லாத குறையும் தீரும். பெரியம்மையிடம் வருஷத்துக்குப் போட்டாச்சு என்று சொன்னபோது, எவ்வளவு என்று கேட்டார். சொன்னோம். "இதுக்கு அவன் ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போயிருக்கலாமே" என்றார். மகன் பஸ்ஸில் வருகிற தூரத்தில் இல்லை, ரியாத்தில் இருக்கிறான் என்று யாரும் அவரிடம் வாதாடவில்லை.